மருந்து ஐயாவின் தோள்பட்டை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் எந்த நோயும் இருந்ததில்லை. தோட்டத்து வைத்தியராக மருந்து ஐயா வேலை பார்த்த முதல் பதினெட்டு வருடங்களும் அப்படித்தான். இடையிடையே சிலர் செத்துப்போனார்கள், அது வேறு விஷயம். உயிரோடு இருந்தவர்களுக்கு இருந்ததெல்லாம் வாயு மட்டும்தான்.

தலை வலித்தால் வாயு. இடுப்பு பிடித்தால் வாயு. ஒருமுறை கவாத்து வெட்டப்போன ஒருவர் கத்தி பட்டுப் பிளந்த பெருவிரலோடு வந்தார். மருந்து ஐயா காயத்தைக் கழுவிக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு, "வாயு ஏறியிருந்தா கை இப்பிடித்தான் தடுமாறும்" என்று சொல்லி இரண்டு வெள்ளைக் குளிசையும் கொடுத்து அனுப்பினார். அந்த வெள்ளைக் குளிசையும், ஒரு சிவப்புத் தண்ணீரும், தேய்க்கும் தைலமும்தான் அவருடைய வைத்தியம். அலமாரியில் வேறு மருந்துகளும் இருந்தன. அவை இருப்பில் இருந்தன.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைமடுவத்தில் நான் ஆயாவாக இருந்தேன். ஓ.எல். வரை படித்தவளுக்குத் தோட்டத்தில் அதைவிடப் பெரிய உத்தியோகம் கிடைக்கவில்லை. பிள்ளைமடுவத்துக்கும், அவர் வைத்தியம் பார்த்த அறையான மருந்துக் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர், அதிலும் பாதிக்கு மேல் பலகை. அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் பிள்ளை விழித்துக்கொள்ளும். மருந்து ஐயாவின் வைத்திய சாஸ்திரம் முழுவதையும் காதால் கேட்டே படித்தவள் நான்.

அந்தச் சாஸ்திரத்தின் உயிர்நாடி துண்டு. பதுளை பெரியாஸ்பத்திரிக்கு இன்னாரை அனுப்புகிறேன் என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் காகிதம் அது. துண்டு கையில் இருந்தால் தோட்டத்து வேன் ஏற்றிக்கொள்ளும், அன்றைக்கு வேலைக்கு வராததும் குற்றமாகாது. இல்லாமல் போனால் செக்ரோல் என்ற வருகைப் பதிவில் பேர் வெட்டுப்படும், மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் கங்காணியின் வாயில் விழ வேண்டும். அப்படிப்பட்ட துண்டுப் புத்தகத்தை மருந்து ஐயா அலமாரியின் உச்சியில், பழைய பால்மா டின்களுக்குப் பின்னால் வைத்திருந்தார். எடுக்க வேண்டுமானால் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். கண்ணில் பட்டால் சனங்களுக்கு ஆசை வந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம்.

"துண்டு கேக்கிறவனுக்கு நோவு இல்ல. நோவு உள்ளவன் துண்டு கேக்க மாட்டான்" என்பார். அப்படியானால் துண்டு யாருக்கு என்று நாங்கள் யாரும் திருப்பிக் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்து அந்தக் காலத்தில் மிக விரைவாகப் பதுளைக்குப் போனது துரையின் பங்களா நாய்தான். அது பின்னங்காலைத் தூக்கித் தூக்கி நடந்த அன்றே, மிருக வைத்தியருக்கு இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதி, வேனின் முன் சீட்டில் உட்காரவைத்து அனுப்பினார். அந்தக் கடிதத்தில் வாயு என்ற சொல்லே இருந்திருக்காது.

ஆள் பார்க்கக் கொடுமைக்காரர் போல இருக்கமாட்டார். வெள்ளைச் சட்டை, அதன் மேல் கையில்லாத சாம்பல் ஸ்வெட்டர், எந்நேரமும் தைல வாசனை. ஸ்டாஃப் குவாட்டர்ஸில் இருந்தாலும் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் பிறந்தவர். "எங்கம்மா காய்ச்சலோடயே மலைக்கிப் போனவ. ஒரு நாளு பேர் வெட்டுப்படல" என்று பெருமையாகச் சொல்வார். அந்த அம்மா எத்தனை வயதில் இறந்தார் என்பதை மட்டும் சொல்லமாட்டார். நோவைச் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை என்று அவருக்கு யாரோ சின்ன வயதில் ஊட்டிவிட்டிருக்கிறார்கள். அவர் அதையே வெள்ளைக் குளிசையோடு சேர்த்து எங்களுக்கும் ஊட்டினார்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளுக்கு மட்டும் அவர் வாயு என்று சொன்னதில்லை. ஒருநாள் என் மடியில் இருந்த கைக்குழந்தைக்கு வலிப்பு வந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தவர் அவர். துண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வேனில் ஏறிப் பதுளைக்குப் போனார். "சின்னதுகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றார் திரும்பி வந்து. பெரியவர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்பது அதன் மறுபாதி.

அந்தப் பொய்யர்களில் என் அம்மாவும் ஒருத்தி.

ஒரு ஐப்பசி மழையில், நிறைகூடையோடு மழைத்தண்ணீர் ஓடும் கானைத் தாண்டும்போது அம்மாவுக்குக் கால் வழுக்கியது. கூடை பின்னால் இழுக்க, வலது கையால் ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துத் தொங்கியிருக்கிறாள். செடி பிடுங்கிக்கொள்ளவில்லை. தோள்தான் பிடுங்கிக்கொண்டது. அன்று சாயங்காலம் கையை மார்போடு அணைத்துக்கொண்டு மருந்துக் காம்பராவுக்கு வந்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"கைய மேல தூக்க ஏலாதுங்கய்யா. உள்ளுக்குள்ள என்னமோ அறுந்தாப்புல இருக்கு."

"அறுந்தா நீ நடந்து வருவியா? மழையில நனைஞ்சது. வாயு."

"ஒரு துண்டு குடுத்தீங்கன்னா பதுளைக்குப் போயி காட்டிட்டு..."

"துண்டு கேக்கிறதுக்குன்னே வந்தியா, நோவுக்கு வந்தியா?"

அம்மா தைலம் வாங்கிக்கொண்டு வந்தாள். அதன்பின் எத்தனையோ முறை போனாள், ஒவ்வொரு முறையும் சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், "எங்கம்மாவுக்குத் துண்டு எழுதுங்க" என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. மருந்து ஐயாவைப் பற்றி இவ்வளவு வாய் கிழியப் பேசுகிறவள், இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பயம். அவர் ஒரு வார்த்தை சொன்னால் என் ஆயா வேலை போகும்.

அம்மாவின் வலது கை மார்புக்கு மேல் எழும்பாமல் அப்படியே நின்றுவிட்டது. செடிகள் இடுப்பளவு என்பதால் கொழுந்தெடுக்க முடிந்தது. கூடைக் கயிற்றைத் தலையில் போடத்தான் பக்கத்து நிரைக்காரியைக் கூப்பிட வேண்டும். தலை வாரிவிட நான் இருந்தேன். இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் போனது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, பங்களாவில் சமைக்கும் அப்புவுக்குப் பல்வலி வந்தது. துரையின் சமையற்காரருடைய பல் என்பது துரையின் பல்லுக்கு அடுத்தது. அதற்கு வாயு கிடையாது. துண்டு எழுத வேண்டும். மருந்து ஐயா ஸ்டூலைப் போட்டு ஏறினார். பால்மா டின்களுக்குப் பின்னால் கையை விட்டார். ஸ்டூலின் ஒரு கால் ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்தது. அதற்கும் வாயு என்று நினைத்திருப்பார் போலும். நான் கேட்டது முதலில் டின்கள் உருளும் சத்தம், பிறகு அலமாரி கிரீச்சிடும் சத்தம், பிறகு "அம்மா!" என்ற அலறல். பிள்ளைமடுவத்துப் பிள்ளைகள் அத்தனையும் ஒன்றாக அழத் தொடங்கின.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அலமாரியின் விளிம்பை வலது கையால் பிடித்துத் தொங்கி, பிடி விட்டுத் தரையில் கிடந்தார். துண்டுப் புத்தகம் அவர் வயிற்றின் மேல் விழுந்திருந்தது. அப்பு ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவரைத் தூக்கப் பார்த்தார். மருந்து ஐயாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"ஐயா, கைய அசைச்சுப் பாருங்க" என்றேன்.

அசைத்துப் பார்த்தார். கை மார்பு வரை வந்து நின்றது. அந்த உயரம் எனக்கு நன்றாகப் பழக்கப்பட்ட உயரம்.

"ஒன்னுமில்ல," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "வாயு."

சும்மா சொல்லக்கூடாது, தன் வைத்தியத்தில் அவருக்கு நம்பிக்கை இருந்தது. வெள்ளைக் குளிசை தின்றார். சிவப்புத் தண்ணீர் குடித்தார். தைலத்தைத் தேய்க்கச் சொல்லி மனைவியை வதைத்தார். பத்து நாளில் குளிசை டப்பா காலியானது, கை அங்கேயே நின்றது. அதன்பின் தோட்டமே அவருக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கியது. பெரிய கிளாக்கர் வெலிமடையில் எலும்பு பார்க்கும் சிங்கள நாட்டு வைத்தியர், ஒரு வெதமாத்தயா இருப்பதாகச் சொல்ல, மருந்து ஐயா யாருக்கும் தெரியாமல் தொப்பி போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் போனார். திரும்பி வரும்போது அவருக்கு முன்னால் எண்ணெய் நாற்றம் வந்து, எல்லோருக்கும் தெரியப்படுத்திவிட்டது. தேயிலை காய்ச்சும் ஸ்டோரின் டீமேக்கர், தவிட்டைச் சுடவைத்து ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். பூசாரி திருநீறு போட்டு, ஐயாவுக்கு யாரோ கண் வைத்துவிட்டதாகச் சொன்னார். தோட்டத்துச் சனம் முழுவதையும் சந்தேகப்பட வேண்டியிருந்ததால் அந்த விசாரணை மேலே போகவில்லை.

இப்படியே மூன்று மாதம் போனது. ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டக் கை எழும்பவில்லை. கடைசியில் ஒரு காலை, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஏ புள்ள, கொஞ்சம் வந்துட்டுப் போ" என்று கூப்பிட்டார்.

போனேன். மேசையில் துண்டுப் புத்தகம் விரித்திருந்தது. விஷயம் என்னவென்றால், பதுளைக்குப் போக அவருக்கும் துண்டு வேண்டும். தன் துண்டைத் தானே எழுதினால் ஆபீஸில் செல்லாது, வேன் தரமாட்டேன் என்று பெரிய கிளாக்கர் சொல்லிவிட்டார். வேறொருவர் எழுதி இவர் கையெழுத்துப் போட்டால் செல்லுமாம். இப்படி ஒரு சட்டம் முன்பு இருந்ததில்லை. முந்தின வருடம் கிளாக்கரின் மூலவியாதிக்கு மருந்து ஐயா சொன்ன காரணத்தை கிளாக்கர் மறக்கவில்லை என்று நினைக்கிறேன். தோட்டத்தில் இங்கிலீஸ் எழுத்து எழுதத் தெரிந்து, சும்மா கூப்பிட்டால் வரக்கூடியவள் நான் ஒருத்திதான்.

பேர் எழுதினேன். வயது எழுதினேன்.

"வருத்தம் என்னன்னு போடுறதுங்க?"

"தோள்பட்டை. கை ஏறலன்னு எழுது."

இரண்டு வருடமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்தது.

"வாயுன்னு எழுதட்டுங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பார்வை பலகைச் சுவருக்குப் போனது. அதற்கு அந்தப் பக்கம் இத்தனை நாளும் ஒரு காது இருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். நான் அவர் துண்டை எழுதி முடித்தேன். தாளைத் திருப்பி, அடுத்த தாளில் அம்மாவின் பேரை எழுதினேன். நோயை எழுதும் வருத்தம் என்ற இடத்தில் அவருக்கு எழுதியதையே எழுத்துப் பிசகாமல் எழுதினேன். இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன்.

"இதுலயும் ஒரு கையெழுத்துப் போடுங்கய்யா."

பேனாவை எடுத்தார். முதலில் அம்மாவின் துண்டில் போட்டார், அப்புறம்தான் தன்னுடையதில்.

அப்படியாக, தோட்டத்தின் சரித்திரத்தில் முதன்முறையாக மருந்து ஐயாவும் கொழுந்தெடுக்கிறவளும் ஒரே வேனில், ஒரே வருத்தத்துக்கு, ஒரே மாதிரித் துண்டோடு பதுளைக்குப் போனார்கள். அம்மாவுக்குத் துணையாக நானும் ஏறிக்கொண்டேன். எலும்பு டொக்டர் சிங்களவர், தமிழை யோசித்து யோசித்துப் பேசுவார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னார். இரண்டு கையும் ஒரே உயரத்தில் நின்றன. சுற்றிச் சுற்றி வந்து அமுக்கிப் பார்த்தார், படம் எடுத்து வரச் சொல்லிப் பார்த்தார். முதலில் மருந்து ஐயாவிடம் சொன்னார்.

"உள்ளுக்கு நார் அறுந்திருக்கு. மூணு மாசம்தானே? ஒப்பரேசன் செய்து தைக்கலாம். இன்னும் சுணங்கினா நார் சுருங்கிப் போகும். பிறகு தைக்க ஏலாது."

அப்புறம் அம்மாவிடம் திரும்பினார். "அம்மா, உங்களுக்கும் அதேதான். எவ்வளவு காலம்?"

"ரெண்டு வருசத்துக்கு மேலங்க ஐயா."

டொக்டர் அம்மாவின் தோளை மறுபடியும் அமுக்கிப் பார்த்தார். "இது சுருங்கிப் போச்சு. இப்ப தைக்க ஏலாது அம்மா. ஏன் முதல்லயே வரல்ல?"

அந்தக் காம்பராவில் அப்போது நான்கு பேர் இருந்தோம். மூன்று பேருக்குப் பதில் தெரியும். மருந்து ஐயா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். அம்மா இடது கையால் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

"வேல ஜாஸ்திங்க ஐயா," என்றாள். "வர நேரம் கெடைக்கல."

வெளியே வந்ததும் அம்மாவோடு சண்டை போட்டேன். ஆஸ்பத்திரி வாசலில், வடைக்காரனும் பஸ்ஸுக்கு நிற்கிற சனமும் பார்க்க, அழுதுகொண்டே கத்தினேன். அம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தியா?" என்றாள். "அதுக்கு மேல நான் சொல்லி என்ன ஆகப்போகுது?" எனக்கு அந்த மூஞ்சி போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை.

டொக்டர் ஒப்பரேசனுக்கு இரண்டு வாரத்தில் ஆஸ்பத்திரியில் கட்டில் தருவதாகச் சொல்லித் தேதி கொடுத்திருந்தார். அறுந்த நார் சுருங்கிக்கொண்டிருக்க, மருந்து ஐயா யோசித்துக்கொண்டிருந்தார். மயக்க மருந்து கொடுத்து விழிக்காமல் போனவர்களின் கதைகளை டீமேக்கர் தினமும் ஒன்றாகக் கொண்டுவந்து இறக்கினார். பதினெட்டு வருடம் அடுத்தவன் நோவுக்கு அஞ்சாத மனிதர், தன் தோளில் ஒரு கத்தி படப்போகிறது என்றதும் சாப்பாட்டை விட்டுவிட்டார். "இதோட இருந்துட்டா என்ன?" என்று, மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம் கேட்பது சுவர் தாண்டிக் கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மருந்து ஐயா எங்கள் லயத்துக்கு வந்தார். செத்த வீட்டுக்குத் தவிர ஸ்டாஃப்மார் லயத்துக்கு வருவதில்லை. முன்திண்ணையான இஸ்தோப்பில் கோழியை விரட்டி, நாற்காலியைத் துடைத்துப் போட்டோம். பாலில்லாத சாயத்தண்ணி கொடுத்தோம். கோப்பையை இடது கையில் வைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்க்காமல், கோழியைப் பார்த்துக் கேட்டார்.

"தைக்காம இப்பிடியே விட்டா... எப்பிடி இருக்கும்?"

அதைக் கேட்க வேறு ஆள் கிடைக்கவில்லை அவருக்கு. கேட்க வேண்டிய ஆளும் அம்மாதான். அந்த விஷயத்தில் எங்கள் தோட்டத்தில் அவளைவிடப் படித்தவர் யாரும் இல்லை. படிக்கவைத்தவரே வந்து கேட்கிறார். சாயத்தண்ணியில் உப்பைப் போட்டிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"சொல்லத் தெரியாதுங்கய்யா. காட்டுறேன்" என்றாள் அம்மா. என்னிடம் சீப்பைக் கேட்டு வாங்கினாள். வலது கையில் பிடித்துத் தூக்கினாள். கை மார்புக்கு வந்தது, நடுங்கியது, நின்றது. தலையைக் கீழே குனிந்து சீப்புக்குக் கொண்டுபோகப் பார்த்தாள். காது வரைதான் எட்டியது. சீப்பை என்னிடம் திருப்பித் தந்தாள்.

"கூடக் கயித்த தலையில போட ஆளு வேணும், எறக்க ஆளு வேணும். நடுவுல உள்ள நோவ நான் பாத்துக்கிறேன். அந்தப் பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க ஏலாது. இதெல்லாம் பழகிரும்ங்கய்யா." காலடிக்கு வந்த கோழியை விரட்டினாள். "கோயில்ல சூடம் ஏத்தி தீவாரனை காட்டயில எல்லாரும் ரெண்டு கையையும் தூக்கிக் கும்புடுவாங்க. நான் ஒத்தக் கையத் தூக்கிக்கிட்டு நிப்பேன். அது ஒன்னுதான் மனசுக்குச் சங்கட்டமா இருக்கு. சாமிக்கிட்டத் திமிராட்டம் தெரியுது."

மருந்து ஐயா கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒங்களுக்குத் தைக்கலாம்னு சொல்றாங்களே," என்றாள் அம்மா. "தச்சுக்குங்க."

அவர் எழுந்து போனார். சாயத்தண்ணி பாதி அப்படியே இருந்தது. குறித்த தேதியில் கட்டிலில் போய்ப் படுத்தார்.

ஒப்பரேசன் நன்றாக நடந்தது. டீமேக்கரின் கதைகளுக்கு மாறாக அவர் விழித்தும்விட்டார். விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, இதற்குச் சக்தியான குளிசை ஏதாவது உண்டா என்பதாம். வெள்ளைக் குளிசையைக் கொண்டுவந்த நர்ஸிடம், "இது ஒன்னுக்கும் ஒதவாது" என்றாராம். இதை அவர் மனைவியே எங்களிடம் சொல்லிச் சிரித்தார். பதினெட்டு வருட இரகசியம் இப்படித்தான் வெளிவந்தது.

ஆறு வாரம் கை, கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் கிடந்தது. அந்த ஆறு வாரமும் அவருக்குச் சட்டை மாட்டுவதும் மீசை வெட்டுவதும் மனைவியின் பாடு. "நாலு புள்ள பெத்தேன். இந்த அஞ்சாவது புள்ளைக்குத்தான் முதுகு ஒடிஞ்சிச்சு" என்பார் அந்த அம்மா. மருந்து ஐயாவுக்குப் பதிலாகப் பசறைப் பக்கத்திலிருந்து ஒரு இளம் ஆள் வந்து, கேட்டவருக்கெல்லாம் துண்டு எழுதினார். மூன்று வாரத்தில் புத்தகம் தீர்ந்து புதுப் புத்தகம் வந்தது. தோட்டம் அப்படியேதான் இருந்தது. கொழுந்தும் குறையவில்லை.

பிறகு பயிற்சி. பதுளையில் அதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு யாழ்ப்பாணத்து நர்ஸ் மிஸ்ஸி. முதல் இரண்டு முறை துணைக்குப் போன மனைவிக்கு முடியாமல் போய், மூன்றாம் முறை அம்மாவும் நானும் போனோம். அம்மாவுக்கும் பயிற்சி செய்தால் கொஞ்சம் பலன் இருக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். விரல்களால் சுவரில் நண்டு மாதிரி மேலே ஏற வேண்டும்.

"ஏறுங்கோ ஐயா, இன்னும் கொஞ்சம். ஏன் நிப்பாட்டிப்போட்டியள்?"

"நோவுது மிஸ்ஸி."

"நோகும்தான். நான் பொய்யெண்டு சொல்லேல்லையே. நோவோட ஏறுங்கோ."

மருந்து ஐயா நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். சத்தமில்லாத அழுகை, முதுகு மட்டும் குலுங்கியது. நோவுக்கு அழுதாரா, "பொய்யெண்டு சொல்லேல்லையே" என்றதற்கு அழுதாரா என்று எனக்குத் தெரியாது. பார்த்துச் சந்தோசப்பட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். சந்தோசமாகத்தான் இருந்தது, ஒரு நிமிடம் போல.

மனிதர் திருந்திவிட்டார் என்று எழுதி முடிக்க ஆசைதான். திரும்பி வேலைக்கு வந்த முதல் நாளே ஒருவருடைய வயிற்று வலிக்கு வாயு என்றார். இருமலுக்கு வாயு என்றார். ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது. தோள்பட்டை என்று யாராவது சொல்லி வாய் மூடுமுன் துண்டு எழுதிவிடுவார். புத்தகம் இப்போது மேசைமேலேயே கிடந்தது. இந்தச் செய்தி லயத்துக்கு லயம் பரவியதும், தோட்டத்துக்கே தோள் வலி வந்தது. பல்வலிக்காரருக்கும் தோள், மூட்டு வீங்கியவருக்கும் தோள். முழுகாமல் இருந்த ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, "தோள்பட்டைங்கய்யா" என்றாள். எதையும் கேட்காமல் எழுதிக் கொடுத்தார். பதுளையில் எலும்பு டொக்டர், உங்கள் தோட்டத்தில் அப்படி என்னதான் தூக்குகிறீர்கள் என்று கேட்டாராம்.

அவருக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா? சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே தெரியும். ஒருநாளும் அவர் யாரையும் பொய்யென்று பிடித்ததில்லை.

இன்னொன்று. மருந்துக் காம்பராவின் சுவரில் தினமும் காலையில் பயிற்சி செய்து, விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுவார். சாயங்காலம் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வரும்போது அம்மாவை உள்ளே வரச் சொல்வார். "ஏறு" என்பார். அம்மா ஏறுவாள். அவள் எட்டிய இடத்திலும் ஒரு கோடு போடுவார். ஒரு வருடத்தில் அவர் கோடு கடிகாரம் மாட்டிய ஆணியைத் தாண்டியது. அம்மாவின் கோடு மார்பிலிருந்து தாடைக்கு வந்தது, அங்கேயே நின்றது. அதற்குப் பிறகும் அவர் விடாமல் கூப்பிட்டார், அம்மாவும் விடாமல் போனாள். ஒரே இடத்தில் கோட்டின் மேல் கோடு விழுந்து அந்த இடம் கறுத்துப்போனது. மன்னிப்பு என்ற சரக்கு மட்டும் அவர் அலமாரியில் கடைசிவரை இருக்கவில்லை. அம்மா அதற்குத் துண்டு கேட்கவுமில்லை. அவரை நான் மன்னித்தேனா என்றால், இல்லை. அம்மா இருக்கும்வரை அவள் தலையை வாரியது நான்.

அவர் கோடு ஆணியைத் தாண்டிய அந்த வருடம் மாரியம்மன் கோயில் திருவிழா. தீவாரனை காட்டினார்கள். மேளம் முழங்க, சனம் முழுவதும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டது. பெண்கள் பக்கத்தில் அம்மா இடது கையை மட்டும் தூக்கி, வலது கையை மார்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆண்கள் பக்கத்தில் முன் வரிசையில் மருந்து ஐயா நின்றார். அன்று காலையில்கூட அவர் விரல் ஆணியைத் தாண்டியதை நான் பார்த்திருந்தேன். அவர் இடது கையை மட்டும் தூக்கியிருந்தார். வலது கை மார்பில் இருந்தது, சரியாக அம்மாவின் கை நின்ற உயரத்தில்.

ஆண்கள் பக்கத்தின் ஓரத்தில் நின்ற பெரிய கிளாக்கர் என் பக்கம் குனிந்து கேட்டார். "என்ன புள்ள, மருந்து ஐயாவுக்குக் கை இன்னும் சொகமாகலையா?"

"வாயுவா இருக்குங்க" என்றேன்.